அளவீட்டு வாசிப்பை அழிக்காதீர்கள்: பௌதிகவியல் செயற்பாட்டு வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் மட்டக்களப்பில், வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் ஒரு பாடசாலையில், புதிதாக நியமனம் பெற்ற ஆசிரியர் ஒருவரின் பௌதிகவியல் வகுப்பில் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தேன். உயர்தரம் முதலாம் வருடப் பிள்ளைகள். நூல், குண்டு, நிறுத்தற் கடிகாரம் எல்லாம் மேசையில் தயாராக இருந்தன. அந்த நாற்பது நிமிடத்துக்குள், தொடக்க காலத்தில் நான் விட்ட பிழைகளை அவரும் ஒவ்வொன்றாக விட்டார். நல்ல உழைப்பாளி அவர். பிழை அவருடையது இல்லை, பட்டறிந்த நாங்கள் இதையெல்லாம் யாருக்கும் சொல்லி வைக்கவில்லை.

கண்ணாடி உடையும், மின்கலத்தைக் குறுஞ்சுற்றாக்கினால் சுடும் என்பதெல்லாம் எவருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வீட்டில் செய்து பார்க்காமல் வகுப்புக்குப் போவது

உப்புத் தண்ணீரில் முட்டை மிதக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். கடலும் உப்புத் தண்ணீர்தானே என்று நினைத்து, கல்லடிக் கடற்கரையில் ஒரு வாளி அள்ளிக்கொண்டு போனேன். கிணற்றுத் தண்ணீரில் முட்டை தாழ்ந்தது. கடல் தண்ணீரிலும் தாழ்ந்தது. முட்டை பழுதாகியிருக்கும் என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

நான் சொன்னதும் பிழை. பழைய முட்டையில் காற்றறை பெருத்துவிடும், அதனால் அது மிதக்கத்தான் பார்க்கும். தாழ்ந்தது புது முட்டை. புது முட்டையின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 1.08 கிராம், கடல் நீரினது 1.025 அளவில்தான். கடல் நீரில் ஒரு லீற்றருக்கு 35 கிராம் அளவு உப்பு இருக்கிறது. புது முட்டை மிதக்க நூறு கிராமுக்கு மேல் வேண்டும். முதல்நாள் இரவு குசினியில் ஒரு தடவை செய்து பார்த்திருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்கும். கடல் நீரில் தாழ்ந்த முட்டையை வைத்துக்கொண்டே, இன்னும் எத்தனை கரண்டி உப்பு வேண்டும் என்று பிள்ளைகளைக் கொண்டு கண்டுபிடித்திருக்கலாம். இப்போது அப்படித்தான் செய்கிறேன். முட்டை மெல்ல எழும்பும் அந்தக் கரண்டிக்கு வகுப்பே எழும்பி நிற்கும்.

மாரியில் நிலைமின்னியல்

சீப்பைத் தலையில் தேய்த்துக் கடதாசித் துண்டை இழுக்கும் பரிசோதனையை மாரி காலத்தில் வைக்காதீர்கள். எங்கள் ஊரில் ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், மேலே மழை. காற்றின் ஈரம் சீப்பின் மேற்பரப்பில் படிந்து, மின்னேற்றம் சேரச் சேரக் கசிந்துபோகும். ஆடி மாதம் காய்ந்த கச்சான் காற்று வீசும்போது செய்யுங்கள், ஒரு பலூன் கூடச் சுவரில் ஒட்டி நிற்கும். பாடத்திட்டத்தின் வரிசைக்காக வராத பரிசோதனையைச் செய்து காட்டினால், பிள்ளை அந்த அலகையே நம்பாது.

பெரிய குழு

மூன்று பேர். நான்காவது பிள்ளைக்குக் கையில் வேலை இருக்காது.

விடைக்கு ஏற்ற மாதிரி வாசிப்பைத் திருத்துவது

இதைத்தான் சொல்ல வந்தேன். அன்று அந்த ஆசிரியர் இதைச் செய்தபோது எனக்கு வாங்கில் இருக்க முடியவில்லை.

என் கதையைச் சொல்கிறேன். எளிய ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு ஆர்முடுகலைக் காணும் பரிசோதனை. ஊசலின் நீளத்தை 4π²ஆல் பெருக்கி, அலைவு காலத்தின் (ஓர் அலைவுக்கு எடுக்கும் நேரத்தின்) வர்க்கத்தால் வகுக்க வேண்டும், மீற்றரிலும் செக்கனிலும் அளந்தால் 9.8 வர வேண்டும். ஒன்பது குழுக்களுக்கும் போதுமான குண்டுகள் ஆய்வுகூடத்தில் இல்லை, அதனால் தேசிக்காயை நூலில் கட்டித் தொங்கவிட்டோம். நல்லாகவே ஆடியது. ஒரு குழுவின் நூல் 25 சென்ரிமீற்றர், 20 அலைவுக்கு 20.9 செக்கன். கணித்தால் 9.0 வந்தது. அந்தக் குழுவில் இருந்த ஒரு பிள்ளை கொப்பியோடு வந்து, "சேர், மூணு தரம் செஞ்சு பாத்தம், ஒன்பதுதான் வருகுது" என்றாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. "எங்கயோ பிழை விட்டிருக்கீங்க மகள், அத அழிச்சிட்டு 9.8 எண்டு எழுதுங்க" என்றேன். அழித்தாள்.

அந்தப் பிள்ளையின் அளவீட்டில் ஒரு கவனக்குறைவும் இல்லை. மூன்று தரம் செய்து மூன்று தரமும் ஒரே விடை பெற்றவள். அவள் நூலின் நீளத்தைத் தேசிக்காயின் மேல் நுனி வரைக்கும் அளந்திருந்தாள். ஊசலின் நீளம் காயின் மையம் வரைக்கும் போகும். 4 சென்ரிமீற்றர் விட்டமுள்ள காய், ஆகவே ஆரை 2 சென்ரிமீற்றர். 25க்குப் பதிலாக 27 போட்டுப் பாருங்கள், 9.8 வரும். அந்த 9.0க்குள் ஊசலின் நீளம் என்றால் என்ன என்ற முழுப் பாடமும் இருந்தது. அதை இறேசர் கொண்டு அழிக்கச் சொன்னவன் நான்.

அடுத்த கிழமை வேறு நீளங்களுக்கு அதே பரிசோதனையைச் செய்தோம். ஒன்பது குழுவும் 9.8 என்று எழுதியிருந்தன. எனக்குச் சந்தோசம். அப்புறம் பார்த்தால், ஒரு குழுவின் நூல் இன்னும் தாங்கியில் கட்டப்படவே இல்லை. பிள்ளைகள் நான் கற்பித்ததைச் சரியாகப் படித்திருந்தார்கள்: விடையை முதலில் எழுது, வாசிப்பைப் பின்னால் இருந்து கணித்து நிரப்பு. அந்தப் பழக்கத்தை அந்த வகுப்பிலிருந்து எடுக்க எனக்கு இரண்டு தவணை போனது. சிலரிடம் கடைசிவரை எடுக்க முடியவில்லை.

இப்போது ஒன்பது குழுவின் விடையையும் கரும்பலகையில் வரிசையாக எழுதுகிறேன். யாரும் அழிக்கக் கூடாது, நானும் அழிப்பதில்லை. இந்தப் பரிசோதனையில் பிழையான விடை பெரும்பாலும் ஒரு காரணத்தோடு வரும், அந்தக் காரணத்தைத் தேடிப் பிடிக்கலாம். 10.9 வந்தால் எண்ணத் தொடங்கிய இடத்தைப் பாருங்கள். குண்டை விடும்போதே "ஒன்று" என்று எண்ணியிருப்பார்கள். 19 அலைவின் நேரத்தை 20ஆல் வகுத்தால் அலைவு காலம் 5 சதவீதம் குறையும், அதை வர்க்கிக்கும்போது விடை பத்துச் சதவீதத்துக்கு மேல் ஏறும். விடும்போது "பூச்சியம்" என்று சொல்லப் பழக்குங்கள். 8.5 பக்கம் வந்தால் ஊசலை 60 பாகை வரை இழுத்து விட்டிருப்பார்கள், சூத்திரம் சிறு கோணத்துக்குத்தான் பொருந்தும். ஒரே குழுவுக்கு ஒவ்வொரு தரமும் வேறு வேறு விடை வந்தால், ஒரேயொரு அலைவை மட்டும் அளந்திருப்பார்கள். கை பொத்தானை அழுத்தப் பிந்தும் நேரம் 0.2 செக்கன் அளவில் இருக்கும். ஒரு செக்கன் அலைவில் அது பெரிய வழு, இருபது அலைவில் கரைந்துபோகும்.

நீளத்தை மாற்றி மாற்றி அளந்து, அலைவு காலத்தின் வர்க்கத்தை நூலின் நீளத்துக்கு எதிரே வரைபாக்கினால் இன்னும் அருமை. மேல் நுனி வரை அளந்த பிள்ளைக்கும் நேர்கோடுதான் வரும், கோட்டின் சாய்வான படித்திறனிலிருந்து 9.8தான் வரும். ஆனால் கோடு உற்பத்தியினூடாக, அதாவது இரண்டு அச்சும் சந்திக்கும் பூச்சியப் புள்ளியினூடாக, போகாது. அதைக் கீழ்நோக்கி நீட்டினால் நீள அச்சை மறை 2 (−2) சென்ரிமீற்றரில் வெட்டும். தேசிக்காயின் ஆரை அது. இதைக் கண்ட பிள்ளை காயை வெட்டி அளவுகோல் வைத்துப் பார்க்காமல் விடாது.

படுவான்கரை வகுப்பிலும் ஒரு பையனுக்கு 10.9 வந்தது. ஆசிரியர் அவனுக்கு 9.8ஐச் சொல்லிக் கொடுத்தார். வகுப்பு முடிந்த பிறகு அவரோடு நெடுநேரம் கதைத்தேன்.

எதிர்வுகூறக் கேட்காமல் செய்து காட்டுவது

ஒரு நூலில் தேசிக்காய், மற்றதில் தூண்டில் ஈயம். எது கெதியாக ஆடும்? கை உயர்த்தச் சொல்லி எண்ணிக்கையைப் பலகையில் எழுதிவிட்டுத்தான் குண்டை விட வேண்டும். என் வகுப்புகளில் பாரமானது கெதியாக ஆடும் என்று சொல்பவர்களே எப்போதும் கூட. சொல்லிவிட்டுப் பார்க்கும் பிள்ளை கண் இமைக்காமல் பார்க்கும். இரண்டிலும் மையம் வரைக்கும் நீளம் சமமாக இருக்கிறதா என்று மட்டும் முதலில் அளந்துகொள்ளுங்கள். ஈயம் சிறியது, காய் பெரியது. நூலை மட்டும் சமப்படுத்தினால் தேசிக்காய் பிந்தும், பாரம்தான் காரணம் என்று வகுப்பு முடிவு கட்டிவிடும்.

அலுமாரிக்குள் பூட்டி வைத்த உபகரணம்

திறப்பை மேசையில் வையுங்கள்.

மணி அடிக்கும் வரை செயற்பாடு

கடைசிப் பத்து நிமிடத்தைத் தொடாதீர்கள். பலகையில் உள்ள ஒன்பது எண்களைப் பற்றிக் கதைக்க அந்த நேரம் வேண்டும். அது இல்லாமல்தான் நான் அன்று அந்தக் கொப்பியைப் பார்த்து அழிக்கச் சொன்னேன்.