தாய்லாந்து எழுத்துரு: சுழியில் கை வைக்கும் முன்

தாய்லாந்து எழுத்துக்கு எழுத்துரு வரையத் தொடங்குபவர்களின் கோப்புகளைத் திறந்தால், நாங்கள் அந்தக் காலத்தில் செய்த அதே பிழைகள்தான் வரிசையாக வருகின்றன. கிளிஃப் (ஓர் எழுத்தின் வரைவடிவம்) விட்டுப்போனது, பெயர் மாறியது போன்றவற்றை மென்பொருளே காட்டிக்கொடுக்கும். எல்லாம் சரி என்று மென்பொருள் சொன்ன பிறகும் படிக்க முடியாமல் போவதற்கான காரணங்கள் வேறு.

சுழியை வெட்டிவிட்டு நகர்வது

பெரும்பாலான தாய்லாந்து மெய்யெழுத்துகள் ஒரு சிறு சுழியில்தான் தொடங்கும். அதற்கு அங்கே 'ஹுவா', அதாவது தலை, என்று பெயர். மூன்று சுழி ண, இரண்டு சுழி ன என்று படித்து வளர்ந்த நமக்கு இது எளிதில் புரியும். நாம் சுழியை எண்ணுகிறோம். அங்கே அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்கிறார்கள்.

அங்கே ஒவ்வொரு மெய்க்கும் ஒரு பொருளைச் சேர்த்துப் பெயர் சொல்வார்கள். கோழிக்குரிய 'கோ கை', பைக்குரிய 'தோ துங்', பாய்மரக் கப்பலுக்குரிய 'போ சம்பாவ்' மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உடல் ஒன்றே: கவிழ்த்த ஆங்கில யூ, இடது தோளில் பறவைக்குரியது போல் சின்ன அலகு. வித்தியாசம் இடது காலின் அடியில் இருக்கிறது. கோழிக்குச் சுழி இல்லை, பைக்கு உள்ளே திரும்பும், கப்பலுக்கு வெளியே திரும்பும்.

ஹெல்வெடிகா என்ற ஆங்கில எழுத்துருவின் சாயலில் 1970களில் வந்த மனோப்டிகா போன்ற தாய்லாந்து எழுத்துருக்கள், சுழியில்லாத வடிவத்தைத் தலைப்புகளுக்கும் விளம்பரங்களுக்கும் பழக்கப்படுத்தின. அதைப் பார்த்துவிட்டுப் புதியவர்கள் ஆங்கில என், யூ, டபிள்யூ வடிவங்களையே நகலெடுத்து, சுழி இருந்த இடத்தில் 40 யூனிட் (எழுத்துரு வரையும் கட்டத்தின் அளவு) நீளத்துக்கு ஒரு துணுக்கை ஒட்டிவிடுகிறார்கள். இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும்: 1000 யூனிட் சதுரத்தில் வரைந்த எழுத்து 12 பிக்சலில் தெரியும்போது ஒரு பிக்சல் என்பது சுமார் 83 யூனிட். 40 யூனிட் துணுக்கு அரைப் பிக்சல்கூட இல்லை. திரையில் அது வெறும் சாம்பல் கறை.

விளைவு என்ன? 'தாம்' என்றால் கேள்வி கேட்பது. பையின் கால் தேய்ந்து கோழியாகத் தெரிந்தால் 'காம்' ஆகிவிடும், வடமொழிக் காமமேதான். ஒரு செயலியின் உதவிப் பக்கத்தில் 'கேள்வி' என்ற சொல் அப்படித் தெரிவதை நினைத்துப் பாருங்கள். தேனீயின் 'போ புங்', தாம்பாளத்தின் 'போ பான்' விஷயமும் இதே. முன்னதில் சுழி உள்ளே, பின்னதில் வெளியே. காய்கறியையும் தங்குவதையும் குறிக்கும் இரண்டு 'பக்' அந்த ஒரு சுழியால்தான் பிரிகின்றன. கனவும் பல்லும்கூட அப்படித்தான்.

சுழியை எடுப்பதானால் அதன் வேலையை வேறொன்றிடம் ஒப்படைக்க வேண்டும். கால் துணுக்கு, தண்டின் (எழுத்தின் செங்குத்துக் கோட்டின்) தடிமன் அளவாவது நீளட்டும்; 80 யூனிட்டுக்குக் கீழே போகக் கூடாது. தேனீயின் நடு முனையைப் பாதி உயரத்துக்குச் சற்று மேலே நிறுத்துங்கள், தாம்பாளத்தின் நடு முனையை உச்சிவரை ஏற்றுங்கள்.

எல்லா எழுத்தையும் வரைவதற்கு முன்பே இந்த ஐந்தை மட்டும் 12 பிக்சலில் சோதியுங்கள். தாய்லாந்து வாசகரிடம் வாக்கியம் காட்டாதீர்கள், தனிச்சொல் காட்டுங்கள். வாக்கியத்தில் பொருளை வைத்து ஊகித்துவிடுவார். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், லைட் (மெல்லியது), போல்டு (தடித்தது) எல்லாவற்றிலும் அதே புள்ளிகளை அதே வரிசையில் மாற்ற வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் அவற்றுக்கு இடைப்பட்ட எடைகள் (தடிமன்கள்) உடையும். பக்க இடைவெளி மாறும், கெர்னிங் (எழுத்துச் சோடிகளின் இடைவெளித் திருத்தம்) முழுதும் மறுபடி.

நீண்ட உரைக்குச் சுழியுள்ள வடிவத்தையும் சேர்த்துக் கொடுப்பதே முறை. நோட்டோ, ஐபிஎம் பிளெக்ஸ் ஆகிய எழுத்துருக் குடும்பங்கள் இரண்டையும் தருகின்றன.

போல்டில் அடைபடும் சுழி

தண்டு தடித்தால் சுழியும் அதே அளவு தடிக்க வேண்டியதில்லை. சுழியின் கோட்டைக் கால் பங்கு மெலிதாக்குங்கள்.

மேலே நிற்கும் குறிகள்

சரா (உயிர்) இ, ஈ, உ-வும் இ-யும் கலந்த குறில், அதன் நெடில் என நான்கு மேல் உயிர்க்குறிகளுக்கும் ஒரே வளைவு. ஒன்றில் எதுவுமில்லை, ஒன்றில் ஒரு குச்சி, ஒன்றில் வட்டம், ஒன்றில் இரண்டு குச்சி. 'நில்' என்ற சொல்லும் 'மரபணு' என்ற சொல்லும் ஒரு குச்சியில்தான் வேறுபடுகின்றன. இரண்டு குச்சிகளுக்கு நடுவே வெள்ளை தெரியவில்லை என்றால் குறியை அகலமாக்குங்கள்.

தொனிக்குறியை (குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் குறி) எப்போதும் ஒரே உயரத்தில் மிதக்கவிடாதீர்கள். மேல் உயிர்க்குறி இல்லாதபோது அது மெய்யை ஒட்டி இறங்க வேண்டும்; இருந்தால் அதன் தலைமேல். மீனின் 'போ ப்லா' போல வலது தண்டு நீண்டவற்றில் குறி இடப்பக்கம் ஒதுங்க வேண்டும்.

'நாம்' என்ற தண்ணீர்ச் சொல்லை அடித்துப் பாருங்கள். 'சரா அம்' குறியை ஓப்பன்டைப் (எழுத்துருக் கோப்பு வடிவம்) முறையில் உரையை அடுக்கும் மென்பொருள் வட்டமாகவும் காலாகவும் பிரித்து, வட்டத்தைத் தொனிக்குறிக்கு முன் கொண்டுவரும். வட்டத்தின் தலையில் ஆங்கர் (அடுத்த குறி ஒட்டும் புள்ளி) வைக்காமல் விட்டால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழும்.

கழற்றக்கூடிய கால்

'யோ யிங்', 'தோ தான்' இரண்டுக்கும் அடியில் தனிக் கால் உண்டு. கீழே உயிர்க்குறி வந்தால் கால் மறைய வேண்டும். 'கதன்யூ' (நன்றியுணர்வு) என்ற சொல்லில் யோ யிங் இரண்டு முறை வரும்: முதலாவதில் கால் நிற்கும், இரண்டாவதில் போய்விடும். சோதனைக்கு இது ஒன்றே போதும்.

வரி உயரம்

லத்தீன் (ஆங்கில) எழுத்தின் அளவை அப்படியே ஏற்காதீர்கள். மெய், கீழ்க்குறி, மேல்குறி, தொனி என்று நான்கு அடுக்கு. இடம் விடாவிட்டால் திரைப் பொத்தானில் தொனிக்குறி வெட்டுப்படும்.

ஸ்பேஸ்

சொற்களுக்கு நடுவே வராது, சொற்றொடர் முடிவில்தான் வரும். அதனால் அதன் அகலத்தைக் குறுக்காதீர்கள்.