சட்டையைப் பிடித்துவிட்டால்: நின்றபடி பிடிபோடுவதும் பிடியிலிருந்து வெளியேறுவதும்

வட சென்னையில் கைகலப்பு பெரும்பாலும் சட்டையில்தான் ஆரம்பிக்கும். ஒரு கை காலரைக் கொத்தாகப் பிடிக்கும், மறு கை ஓங்கும். சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று பரம்பரை பரம்பரையாகக் குத்துச்சண்டை வளர்ந்த பகுதி இது. ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ பாக்ஸிங் பழகிய பையனுக்குக் கை நீளும் தூரத்தில் என்ன செய்வதென்று தெரியும். மார்போடு மார்பு ஒட்டிவிட்டால்தான் தடுமாறுவான். ரிங்கில் அந்த நேரத்தில் நடுவர் ‘பிரேக்’ சொல்லிப் பிரித்துவிடுவதால் அதற்குமேல் பழக்கமே இருக்காது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் கிளிஞ்ச், அதாவது நின்றபடி உடம்போடு ஒட்டிப் பிடிபோடும் முறை.

முதலில் நிற்கும் விதம். கால்கள் தோள் அகலம், ஒரு கால் அரையடி முன்னே. முழங்கால் மடங்கியிருக்கட்டும், முதுகு வளையக்கூடாது. புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லோரும் இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, தலையை முன்னால் கொடுத்து நிற்பார்கள். அப்படிக் கொடுத்த தலையை எதிராளி ஒரு கையால் அழுத்தினாலே உடம்பு முழுக்கக் கீழே போய்விடும், முழங்கால் இடி நேராக முகத்துக்கு வரும். இடுப்பு எப்போதும் தோளுக்கு அடியில் இருக்க வேண்டும்.

அடுத்தது தலை. உங்கள் நெற்றி எதிராளியின் கன்னப்பொட்டிலோ தாடைக்குக் கீழோ அழுந்த வேண்டும். அவர் தலை திரும்பிய பக்கம்தான் அவர் உடம்பும் திரும்பும். இரண்டு கையும் வேறு வேலையில் இருக்கும்போது மூன்றாவது கையாக இருப்பது இந்த நெற்றிதான். கைப்பிடிகளுக்கு அவசரப்படாமல் முதல் இரண்டு வாரம் இதை மட்டுமே பழகினால்கூடத் தவறில்லை.

கழுத்துப் பிடியில் உள்ளங்கை போக வேண்டிய இடம் பிடரிக்கு மேலே, மண்டை வளையும் இடம். கழுத்தின் அடியில் பிடித்தால் எதிராளி நிமிர்ந்தவுடன் கை வழுக்கும். முழங்கை கீழே இறங்கி அவர் காறை எலும்பின் மேல் உட்கார வேண்டும். அது பக்கவாட்டில் விரிந்தால் அந்த இடைவெளியில் அவர் கை உள்ளே வரும். இரண்டு கையாலும் பிடிக்கும்போது ஒரு உள்ளங்கையின் மேல் இன்னொன்றை வையுங்கள். விரல்களைக் கோத்தால் ஒரு திருப்பில் விரல் சுளுக்கிக்கொள்ளும். இழுக்க வேண்டியது கையால் அல்ல, உடம்பின் எடையால். 1980-இல் நேரு ஸ்டேடியத்துக்குக் காட்சிப் போட்டி ஆட வந்த முகமது அலி இதில் கைதேர்ந்தவர். 1974-இல் கின்ஷாசாவில் எதிர்த்து ஆடிய ஜார்ஜ் ஃபோர்மேன் நெருங்கி வந்தபோதெல்லாம் அவர் பின்கழுத்தைப் பிடித்துக் கீழே அழுத்தித் தொங்கினார். ஃபோர்மேன் எட்டாவது ரவுண்டுக்குள் களைத்துப்போனதில் அந்த எடைக்கும் பங்குண்டு.

இந்தப் பிடியில் நீங்கள் மாட்டினால் பின்னால் இழுக்காதீர்கள். இழுத்தால் தலை இன்னும் குனியும். இடுப்பை எதிராளியோடு ஒட்டி, முதுகை நிமிர்த்தி, பார்வையை மேலே கொண்டுபோங்கள். பிறகு ஒரு கையை அவருடைய இரு முழங்கைகளுக்கும் நடுவே கீழிருந்து நுழைத்து அவர் பிடரியைப் பிடியுங்கள். உள்பக்கம் இருக்கும் கைதான் ஆளும்.

அண்டர்ஹூக் என்கிற அக்குள் பிடிக்கும் அதே கணக்கு. கட்டைவிரல் மேலே பார்க்க, கையை எதிராளியின் அக்குளுக்கு அடியில் விட்டுப் பின்தோள் பட்டையைப் பிடித்து, புஜத்தால் அவர் அக்குளை மேலே தூக்க வேண்டும். அதே பக்கத்துக் காலும் கூடவே முன்னே போக வேண்டும். கை போய் கால் போகாவிட்டால், அவர் உங்கள் கையை மேலிருந்து கவ்வி இறுக்கிவிடுவார். இருவரும் மாறி மாறி உள்கை எடுக்கும் பம்மலிங் பயிற்சியை, பலத்தில் பாதி போட்டு, மூன்று நிமிடம் செய்து ஒரு நிமிடம் ஓய்வு என்று நான்கு ரவுண்டு செய்யுங்கள். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் இரண்டாவது ரவுண்டிலேயே தோல் வழுக்கும். வழுக்கும் கையை இறுக்கிப் பிடிக்கப் பார்த்தால் முன்னங்கை மரத்துப்போகும். விரலை நம்பாமல் மணிக்கட்டை வளைத்துக் கொக்கியாக மாட்டுங்கள்.

இப்போது அந்தக் காலர். எதிராளி இடது கையால் பிடித்து, வலது கையை ஓங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். சட்டையைப் பிடித்த கையைப் பிரிக்கத்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். ஆபத்து சும்மா இருக்கும் மறு கையில். ஆகவே மோவாயை இறக்கி, உங்கள் இடது முன்னங்கையை அவர் வலது புஜத்தின் உள்பக்கம் வைத்து அணை கட்டுங்கள். புஜம் நின்றால் குத்து நிற்கும், மணிக்கட்டைத் துரத்த வேண்டாம். அதே நேரம் உங்கள் வலது கை, காலரைப் பிடித்த அவர் மணிக்கட்டை உங்கள் மார்போடு சேர்த்து அமுக்கட்டும். அடுத்து உங்கள் வலது காலை அவர் இடது காலுக்கு வெளியே எடுத்து வையுங்கள். காலை வைத்தபடியே இடது கையை விடுவித்து, அவருடைய இடது புஜத்தை அக்குளுக்குப் பக்கத்தில் பின்புறமாகப் பிடித்து உங்கள் இடுப்புப் பக்கம் இழுங்கள். அவர் தோள் திரும்பும், ஓங்கிய கை தூரமாகிவிடும், நீங்கள் அவர் முதுகுப் பக்கம் இருப்பீர்கள். கால் வைக்காமல் கையை மட்டும் இழுத்தால் அவரை உங்கள் மேலேயே இழுத்துக்கொள்வீர்கள். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான்.

பின்னாலிருந்து கைகளோடு சேர்த்துக் கட்டிப்பிடித்தால் உடனே முழங்காலை மடக்கி இறங்குங்கள். அவரால் உங்களைத் தூக்க முடியாது. இடுப்பை ஒரு பக்கம் நகர்த்தி, மேலே இருக்கும் அவர் கையை மணிக்கட்டில் பிடித்துக் கீழே தள்ளி, திறந்த பக்கம் திரும்புங்கள். சந்துக்குள் சுவரோடு தள்ளப்பட்டால் பின்மண்டை மோதாமல் மோவாயை மார்பில் ஒட்டிவிட்டு, ஒரு அக்குள் பிடி எடுத்து அவரைச் சுவர்ப்பக்கம் சுற்றுங்கள்.

குஸ்திக்காரர்கள் மெத்தையில் ஆளைத் தூக்கி எறியும் வீச்சுகளைத் தெருவில் போடாதீர்கள். சிமென்ட் தரையிலோ நடைபாதை விளிம்பிலோ தலை மோதினால் உயிரே போகலாம். பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்கிறது 37-ஆவது பிரிவு. முதுகுப்பக்கம் போனதும் தள்ளிவிட்டு ஆள் நடமாட்டம் உள்ள பக்கம் ஓடுவதே சரி. எதிராளியின் கை இடுப்புக்கோ பைக்கோ போனாலும், கூட இன்னொருவர் வந்தாலும், பிடிக்கே போகாதீர்கள். தப்ப வழியில்லாமல் கத்தியோடு ஒட்டிவிட்டால் மட்டும், கத்தி உள்ள கையை இரண்டு கையாலும் பிடியுங்கள்.

பயிற்சிக்கு வருமுன் நகம் வெட்டி, செயின், மோதிரம், கயிறு எல்லாம் கழற்றுங்கள். கூடப் பழகுபவர் இரண்டு தட்டு தட்டினால் உடனே பிடியை விட வேண்டும், கழுத்தை முறுக்கவே கூடாது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளியுங்கள், பனியனைத் துவைக்காமல் மறுநாள் போடாதீர்கள். படர்தாமரை வந்தவர் முழுக்க ஆறும்வரை பிடிக்கு வராமல், தனியாகக் குத்துப்பையைக் குத்தட்டும்.