தபால் பெட்டியில் அப்பா பெயர்

ஜெர்மனிக்கு மேற்படிப்புக்கு வருகிறீர்களா? பருப்புப்பொடி இடிப்பதற்கு முன்பே பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்துக்கு எழுதி, 'பட்டி' (buddy) உண்டா என்று கேளுங்கள். உசிலம்பட்டி, ஆண்டிப்பட்டி வகையறா அல்ல. புதியவருக்குத் துணையாக ஒரு பழைய மாணவரைச் சேர்த்துவிடும் ஏற்பாட்டுக்கு இங்கே அந்தப் பெயர்.

அவர் எதற்கு என்றால், இங்கே எல்லாமே சங்கிலி. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், 'அன்மெல்டுங்' என்பார்கள். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிக் கடிதம் வேண்டும். வாடகை ஒப்பந்தமே போதும் என்று போன என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த சந்திப்புக்கு மூன்று வாரம் காத்திருந்தேன். பதிவுத்தாள் இல்லாமல் பல வங்கிகள் கணக்குத் தொடங்குவதில்லை. கணக்கு இல்லாவிட்டால், விசாவுக்காக முடக்கிவைத்த பணத்தின் மாதத் தவணை வராது. முதல் மாதச் செலவுக்குத் தனியாகக் கொண்டுவாருங்கள்.

தபால் பெட்டி விஷயத்தை எனக்கு யாரும் ஊரில் சொல்லவில்லை. இங்கே அடுக்குமாடி முகவரியில் கட்டட எண் இருக்கும், உள்ளே தனித்தனி வீட்டுக்குப் பெரும்பாலும் எண் இருக்காது. பெட்டியில் ஒட்டிய பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார்கள். பெயர் இல்லையா, வங்கி அட்டை, வரி எண் எல்லாம் வந்த வழியே திரும்பும். நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்பது அப்பா பெயர். என் பட்டி, கொலோன் நகரப் பெண், முதல் நாளே ஒட்டுத்தாளோடு வந்தாள். "அது அப்பா பெயர்" என்றேன். "இங்கே நீதான் அவர்" என்று ஒட்டிவிட்டுப் போனாள்.

தமிழ் அண்ணன்மாரும் அக்காமாரும் வேண்டும்தான். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டியிருக்கும்போது ரசம் ஊற்றுவது அவர்களே. ஆனால் விதிகளை மட்டும் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மாணவர் ஆண்டுக்கு 120 முழு நாள் வேலை செய்யலாம் என்பது பழைய கணக்கு. 2024 மார்ச்சிலிருந்து அது 140. சாப்பாட்டு மேசையில் இன்னும் 120 என்றே ஓடுகிறது.

நவம்பர் இறுதியில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும். அறையைவிட்டு வெளியே வரவே மனமில்லாத நாட்கள் தொடர்ந்தால், 'ஸ்டுடியரெண்டன்வெர்க்' என்னும் மாணவர் நல அமைப்பின் மனநல ஆலோசனைக்கு நேரம் கேளுங்கள். தனியே போகத் தயக்கமென்றால் பட்டியை அழைத்துப் போங்கள். நான் அப்படித்தான் போனேன்.