வெளிநாட்டுல வாத்தியாரா இருந்து நாவல் எழுதின நம்மாளோட வாழ்க்கைய எழுதுறது எப்படி?

எங்க பெரியப்பா மாலத்தீவுல கணக்கு வாத்தியார், அங்க இருந்துட்டே ஒரே ஒரு நாவல் எழுதினாரு. அவரு வாழ்க்கைய எழுதலாம்னு எறங்கி நான் பட்ட பாட்ட வச்சு சொல்லுதேன், நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல இப்படி போன வாத்திமாரு நெறைய உண்டுல்லா, உங்க வீட்லயும் ஒருத்தர் இருப்பாரு.

மொதல்ல நாவல மூடி வையுங்க. அதுல வாரதெல்லாம் அவரு கததான்னு நெனச்சா அங்கயே சறுக்கிரும். ஹெப்சிபா ஜேசுதாசன எடுத்துக்கோங்க, 1925ல பர்மாவுல பொறந்து ரங்கூன்ல வளந்து, ரெண்டாம் உலகச் சண்ட வந்ததும் நம்ம ஊர்ப்பக்கம் வந்து, பொறவு திருவனந்தபுரத்துல காலேஜ்ல இங்கிலீஷ் எடுத்தவங்க. ஆனா 1964ல வந்த அவங்களோட புத்தம் வீடு நாவல்ல லிஸிங்கிற பொண்ணு பனங்காட்டு ஊர்ல வளருவா, கொஞ்சம் பெருசானதும் படிப்ப நிறுத்தி வீட்டுக்குள்ள இருத்திருவாங்க. லிஸிய மட்டும் வச்சு எழுதுனா பர்மாவும் போச்சு, காலேஜும் போச்சு.

அடுத்து பொறந்த தேதி. ஸ்கூல் சர்டிபிகேட்ட நம்பாதீங்க, அது சேக்கும்போது சாரு ஒரு கணக்குல போட்டது. சர்ச்சுல ஞானஸ்நான ரெஜிஸ்டர் இருந்தா பாருங்க, ரெண்டும் ஒக்கலைன்னா ரெண்டையும் எழுதுங்க. 1956 நவம்பர் 1 வர நாம திருவிதாங்கூர் பக்கம் இருந்ததால பழைய பத்திரத்துல கொல்லம் ஆண்டுதான் இருக்கும், ஆவணியில தொடங்குற மலையாள வருசம். அத இங்கிலீஷ் வருசமா மாத்த, ஆவணியில இருந்து டிசம்பர் வரைக்கும்னா 824 கூட்டணும், ஜனவரிக்குப் பொறவுன்னா 825. 1127 ஆவணின்னா 1951, 1127 மாசின்னா 1952. மார்கழி ரெண்டு வருசத்துலயும் கெடக்கும், தேதியும் பாக்கணும். நான் இது தெரியாம ஒரு வருசம் தப்பா எழுதி சித்தப்பாகிட்ட நல்லா வாங்கினேன்.

வெளிநாட்டு வருசங்களுக்கு பழைய பாஸ்போர்ட்தான் பெஸ்ட், போன தேதி வந்த தேதி எல்லாம் சீல்ல இருக்கும், அத ஒரு நோட்டுல வருசத்துக்கு ஒரு பக்கம்னு போட்டு வச்சிட்டா பாதி வேல முடிஞ்சுது.

லெட்டர்தான் சிக்கல். பெரியப்பா தேதி போட மாட்டாரு, போஸ்ட் ஆபீஸ் சீல் பாக்கலாம்னா கவர் மூலையெல்லாம் கத்திரிச்சி கெடக்கு, கத்திரிச்சது நாந்தான், சின்னதுல ஸ்டாம்ப் சேத்தேன்! அப்போ உள்ள இருக்குறத வாசிச்சுதான் பிடிக்கணும். ஒண்ணுல "மணக்குடி பாலம் போயிட்டாமே, போன் கெடைக்கல, எல்லாரும் இருக்கியளா"ன்னு கேட்டிருந்தாரு. அந்தப் பாலம் போனது சுனாமில, 2004 டிசம்பர் 26, அத ஒட்டின நாளுல எழுதினது.

கையெழுத்துப் பிரதி கெடச்சா பின்பக்கமும் பாருங்க. பெரியப்பா மிச்சம் வந்த பரீட்ச பேப்பருக்கு பின்னாலதான் எழுதியிருக்காரு, முன்னால எந்த கிளாஸ், எந்த வருசம்னு அச்சடிச்சே இருக்கு, நாவலோட எந்த அத்தியாயம் எப்ப எழுதினதுன்னு அதுலயே வந்துட்டு. மூணாவது அத்தியாயத்துக்குப் பொறவு ரெண்டு வருசம் ஒண்ணுமே எழுதல.

ஏன்னு பெரியம்மைகிட்ட கேட்டேன். "அந்த ரெண்டு வருசம் நானும் கூடப் போயிருந்தேம்லா"ன்னாவ.