ரோடு வேலையில் ஈர மணலை அப்படியே அளக்காதீர்கள்

நம்ம குமரி மாவட்டத்தில் மழை இரண்டு தடவை வரும். ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. கான்கிரீட் ரோடு போடும்போது மணல் பெரும்பாலும் ஈரமாகத்தான் வந்து இறங்கும். அங்கேதான் கணக்கு தப்புகிறது.

ஈர மணல் உப்பி நிற்கும். எவ்வளவு என்று தளத்திலேயே பார்த்துவிடலாம். நேரான சுவர் உள்ள ஒரு டப்பாவில் ஈர மணலை அமுக்காமல் 20 செ.மீ. உயரத்துக்கு நிரப்புங்கள். அதை ஒரு சாக்கில் கொட்டிவிட்டு, டப்பாவில் பாதி தண்ணீர் ஊற்றி, அதே மணலைத் திரும்பப் போட்டு, கம்பியால் கிளறிப் படிய விடுங்கள். மணல் 16 செ.மீ.க்கு இறங்கினால் உப்பல் 25 சதவீதம் (16-க்கு 4). அதாவது நீங்கள் 100 கன அடி என்று அளந்து வாங்கியது உண்மையில் 80 தான். கலவைக்கு 4 பெட்டி மணல் என்றால் 5 பெட்டி போட வேண்டும். புது லோடு வரும்போதும், மழை பெய்த மறுநாளும் இதைத் திரும்பச் செய்யுங்கள். பத்து நிமிஷ வேலைதான்.

அப்புறம் சிமென்ட். தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, 10 மூட்டைக்கு மேல் உயராமல் அடுக்குங்கள். முதலில் வந்த மூட்டையை முதலில் எடுங்கள். மூன்று மாதம் தாண்டியதைச் சோதிக்காமல் போட வேண்டாம்.

காற்று பலமாக வீசும் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் வேலை என்றால், கிரஷர் தூளுக்கு (கல் உடைக்கும்போது வரும் தூள்) தார்ப்பாய் கட்டாயம். அந்தக் காற்று சும்மா விடாது.