மேலே ஏற்றும் முன் கீழே இறக்கப் பழக்குங்கள்

கத்தரி போல விரிந்து தட்டை நேராக மேலே தூக்கும் சிசர் லிஃப்ட், நீண்ட கையின் நுனியில் ஆள் நிற்கும் பாஸ்கெட் உள்ள பூம் லிஃப்ட், இவற்றை ஓட்ட ஆள் பழக்கச் சொன்னால் பலரும் முதல் வேலையாகப் பொடியனை பாஸ்கெட்டில் ஏற்றி ஜாய்ஸ்டிக்கைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். நான் முதல் அரை நாள் யாரையும் மேலே விடுவதில்லை. கீழே நின்றபடி மேலே இருப்பவரை இறக்குவதுதான் முதல் பாடம்.

இது பேலியகொடைப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் எனக்கு வந்த புத்தி. பல்ப் மாற்றப் போன தம்பி ஐந்து மீட்டர் உயரத்தில் நிற்கிறார், பேட்டரி தீர்ந்துவிட்டது, கீழே நாலு பேர் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள், ஒருவர் ஏணி தேடி ஓடுகிறார். அவசரமாக இறக்கும் சிவப்புக் கைப்பிடி லிஃப்டின் பின்பக்கம் தூசு படிந்து கிடந்தது. அதை இழுத்தால் பேட்டரி இல்லாமலே தட்டு தன் பாரத்தில் மெல்ல இறங்கிவிடும். நாலு பேரில் ஒருவருக்கும் அது தெரியாது.

ஆகவே ஆளில்லாத தட்டை உயர்த்திவிட்டு, ஒவ்வொருவரையும் கீழ்ப் பேனலிலிருந்து ஒரு தடவை, அவசரக் கைப்பிடியால் ஒரு தடவை இறக்க வையுங்கள். பூம் லிஃப்ட் என்றால் எஞ்சின் நின்ற பிறகும் ஓடும் துணைப் பம்ப்பின் சுவிட்சைக் காட்டுங்கள். கூடவே இரண்டு விஷயம் சொல்லுங்கள். மேலே இருப்பவர் கட்டடத்தின் பீமுக்கும் லிஃப்டின் கைப்பிடிக் கம்பிக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தால் கண்ணை மூடிக்கொண்டு இறக்கக் கூடாது, எந்தப் பக்கம் அசைத்தால் விடுபடுவார் என்று முதலில் பார்க்க வேண்டும். மின்கம்பியில் பட்டிருந்தால் லிஃப்டில் கை வைக்கவே கூடாது, கரண்டை நிறுத்தும் வரை கிட்டவும் போகக் கூடாது.

அப்புறம் காலைச் சோதனை. டயர், ஹைட்ராலிக் எண்ணெய்க் கசிவு, பேட்டரித் தண்ணீர், கைப்பிடிக் கம்பி, கதவு, அவசர நிறுத்தப் பொத்தான், சாய்வு அலாரம். இவற்றைத் தாளில் டிக் போட வைத்தால் டீக்கடையில் உட்கார்ந்தே போட்டுவிடுவார்கள், அதனால் தொட்டுக் காட்டச் சொல்லுவேன். சிசர் லிஃப்ட் உயரும்போது அடியில் இரண்டு பக்கமும் தகடு இறங்குகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். சக்கரம் குழியில் விழுந்தால் லிஃப்ட் கவிழாமல் பிடிப்பது அந்தத் தகடுதான், அதில் சீமெந்துக் கட்டி அடைத்துக்கொண்டு நிற்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். எச்சரிக்கை ஸ்டிக்கர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். நம் பொடியன்களில் பாதிப் பேர் தமிழ், மற்றவர்கள் சிங்களம். நான் ஸ்டிக்கரை மறைக்காமல் பக்கத்தில் டேப் ஒட்டி இரண்டு மொழியிலும் எழுதிவிடுவேன். அழகாக இருக்காது, பரவாயில்லை.

ஓட்டப் பழக்கும்போது பூம் லிஃப்டில் எல்லோரும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். மேல் பகுதியைப் பின் சக்கரங்களைத் தாண்டிச் சுழற்றிவிட்டால் ஜாய்ஸ்டிக்கை முன்னே தள்ளும்போது வண்டி பின்னே போகும். அடிச்சட்டத்தில் நிறம் போட்ட அம்புக்குறி இருக்கும், பேனலிலும் அதே நிறம் இருக்கும். இரண்டையும் பொருத்திப் பார்த்து, போகப் போகிற திசையை வாயால் சொன்ன பிறகே கையை அசைக்க விடுங்கள். சும்மா சொன்னால் ஏறாது, வெறும் வளவில் நாலு கூம்பு வைத்து ஒரு மணி நேரம் சுற்ற விடுங்கள்.

பூம் லிஃப்டில் ஹார்னஸ், அதாவது உடம்பில் மாட்டும் பாதுகாப்புப் பட்டி, கட்டாயம். சக்கரம் ஒரு சின்னத் திட்டில் ஏறி இறங்கினாலும் பூம் உதறி, ஆளைக் கவண்கல் போல வெளியே எறியும். கயிறு குட்டையாக இருக்க வேண்டும், பாஸ்கெட்டில் அதற்கென்று உள்ள வளையத்தில் மாட்ட வேண்டும், கட்டடத்தில் மாட்டவே கூடாது. சிசரில் பொதுவாகக் கைப்பிடிக் கம்பியே பாதுகாப்பு, தயாரிப்பாளர் கேட்டிருந்தால் ஹார்னஸும் வேண்டும். எட்டவில்லை என்று கம்பியில் ஏறி நிற்பவரை அன்றே வீட்டுக்கு அனுப்புங்கள். எட்டாமல் போவது பல நேரம் வாடகைக்கு எடுத்தவரின் பிழை. 8 மீட்டர் லிஃப்ட் என்பார்கள், அது ஆளின் கை எட்டும் தூரத்தையும் சேர்த்த வேலை செய்யும் உயரம், தட்டு போவது 6 மீட்டர்தான்.

இனி கொழும்பு. காலிமுகத்திடல் பக்கம் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே கடல் காற்று இடுக்கில் புகுந்து அடிக்கும், கீழே சட்டை அசையாத நேரத்திலும் மேலே பாஸ்கெட் ஆடும். வெளியே பாவிக்கும் லிஃப்ட்களுக்குக் காற்று எல்லை பொதுவாக வினாடிக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர். உள்ளே மட்டும் பாவிக்கச் சொன்னதற்கு எல்லை பூச்சியம். காற்றுமானியை பாஸ்கெட்டில் வைத்து அளக்க வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று என்பதால் அந்த மாதங்களில் போர்ட், ஷீட் தூக்கிக்கொண்டு மேலே போனால் அது பாய்மரம். தரையையும் பாருங்கள், கான் மூடி, குழாய் பதித்துப் புதிதாக மண் போட்ட இடம், மழைக்குப் பிறகு ஊறிய நடைபாதை. பியகம பக்கம் போனால் தலைக்கு மேலே 33,000 வோல்ட் கம்பி இருக்கலாம். குறைந்தது 10 அடி விலகல், அதிலும் காற்றில் கம்பி ஆடும் தூரத்தைச் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

கார்ட் விஷயம் சுருக்கமாக. இந்த லிஃப்ட்கள் ஓட்டப் பயிற்சி பெற்றவர்களுக்கு ஐபாஃப் என்ற சர்வதேச அமைப்பு தரும் கார்ட் 5 வருடம் செல்லும், அதில் சிசருக்கு 3ஏ பிரிவு, பூமுக்கு 3பி பிரிவு. ஒன்றை வைத்து மற்றதை ஓட்டக் கூடாது. சரியான கார்ட் இருந்தாலும் மாடல் மாறினால் அரை மணி நேரமாவது அந்த லிஃப்டைக் கீழே வைத்துச் சுற்றிக் காட்டுங்கள், கைப்பிடி ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு இடத்தில் இருக்கும்.

கடைசியாகச் சாவி. சாப்பாட்டு நேரத்தில் லிஃப்டிலேயே விட்டுவிட்டுப் போனால், திரும்பி வரும்போது பெயின்ட் பாஸ் மேலே நிற்பார்.