மலையகக் குளிரும் கார் பற்றரியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரி, பெப்ரவரி மாதங்களில், நுவரெலியாவில் புல்லின்மேல் துகள் உறைபனி படிந்திருக்கும் அதிகாலையில் ஒரு ஹைபிரிட் கார் ஸ்டார்ட் ஆக மறுத்தால், "பெரிய பற்றரி போய்விட்டது, இனி இலட்சக்கணக்கில் செலவாகும்" என்ற அச்சமே உரிமையாளரை முதலில் பற்றிக்கொள்கிறது. கடன்பட்டுக் கார் வாங்கிய குடும்பத்துக்கு இது சிறிய அச்சமன்று. எனினும், சோதித்துப் பார்க்காமல் இந்த முடிவுக்கு வருவதையே நான் முதல் தவறாகக் கருதுகிறேன்.

அந்தக் காரில் இருப்பவை இரண்டு பற்றரிகள். முதல் தலைமுறை டொயோட்டா அக்குவாவில் 144 வோல்ட் பெரிய பற்றரியோடு, பின் இருக்கைக்குக் கீழே 12 வோல்ட் சிறிய பற்றரியும் உண்டு. எஞ்சினைச் சுழற்றுவது பெரியதுதான் என்றாலும், அதன் மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலேக்களையும் காரின் கணினிகளையும் இயக்குவது சிறியதே; ஆகவே சிறியது சோர்ந்துவிட்டால், பெரியது நல்ல நிலையில் இருந்தாலும், கார் ஓடத் தயார் என்று காட்டும் 'ரெடி' விளக்கு எரியாது. வெப்பம் பற்றரியைத் தேய்க்கிறது, குளிரோ அதனுள் நடக்கும் இரசாயனத் தாக்கத்தை மந்தமாக்குகிறது. கொழும்பில் பல ஆண்டுகள் ஓடிய காரை வாங்கி மலைக்குக் கொண்டுவருபவர்கள் இதை மனத்திற்கொள்ள வேண்டும்: அங்கே தெரியாதிருந்த நலிவு இங்கே முதற்பனியில் வெளிப்படும். கராஜில் பெரிய பற்றரியைக் கழற்றச் சம்மதிக்கும் முன், இரவு முழுவதும் ஓய்ந்திருந்த சிறிய பற்றரியை மல்டிமீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய 12.6 வோல்ட் என்றால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே என்றால் பெரும்பாலும் வெறுமை.

பெற்றோல் காரைக் காலையில் ஐந்து நிமிடம் முற்றத்திலேயே ஓடவிட்டு நிறுத்துவது மற்றொரு பழக்கம். ஸ்டார்ட் செய்வதற்குச் செலவான மின்சாரத்தை, மெதுவாகச் சுழலும் ஒல்டர்னேற்றர் அந்த ஐந்து நிமிடத்தில் ஈடுசெய்வது கடினம். குறைந்த சார்ஜில் நெடுநாள் கிடக்கும் பற்றரியின் தகடுகளில் ஈய சல்பேற்று இறுகிவிடும். அதன்பின் எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பழைய வலு திரும்பாது. 2022ஆம் ஆண்டின் பெற்றோல் தட்டுப்பாட்டைப்போல வாரக்கணக்கில் வாகனம் நிற்க நேர்ந்தால், எதிர்முனை வயரைக் கழற்றி வைப்பது நல்லது. ஹைபிரிட் காரிலோ, 'ரெடி' நிலைக்குக் கொண்டுவராமல் வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தால் சிறிய பற்றரி வடிந்துவிடும்.

றம்பொடை இறக்கத்தில் எரிபொருளை மிச்சப்படுத்துவதாக எண்ணி நியூட்ரலில் இறங்குவோரைக் காணும்போது எனக்கு மனம் பதறுகிறது. டொயோட்டா ஹைபிரிட் கார்களில் நியூட்ரலில் பெரிய பற்றரி சார்ஜ் ஆவதில்லை. இறக்கம் இலவசமாகத் தரும் மின்சாரம் வீணாவதோடு, பாரம் முழுவதும் பிரேக்கின்மேல் விழுந்து அது சூடேறுகிறது. நீண்ட இறக்கத்துக்குக் கியர் நெம்புகோலின் 'B' நிலையே உரியது. பாதி வழியில் பற்றரி நிறைந்து எஞ்சின் உரத்து ஒலிக்கத் தொடங்கினால், அது பழுதன்று. காரின் வேகத்தை எஞ்சின் தாங்கிப்பிடிக்கும் ஒலி அது.

மூடி திறக்கக்கூடிய பற்றரிக்குப் பீலித் தண்ணீரை ஊற்றக் கூடாது. குடிக்க எவ்வளவு தெளிந்ததாயினும் அதில் கரைந்துள்ள கனியுப்புகள் தகடுகளைக் கெடுக்கும். காய்ச்சி வடித்த நீரே வேண்டும். பின் இருக்கைக்குக் கீழுள்ள சிறிய பற்றரியை மாற்றும்போது, விலை குறைவென்று வாயுக் குழாய் பொருத்த இயலாத சாதாரண பற்றரியை வைப்பது ஆபத்தானது, ஏனெனில் அதிலிருந்து வெளியேறும் ஐதரசன் பயணிகள் இருக்கும் இடத்திலேயே தங்கக்கூடும்.

பெரிய பற்றரியைக் குளிர்விக்கும் விசிறி, பின் இருக்கையருகே உள்ள துவாரத்தின் வழியே காருக்குள் இருக்கும் காற்றையே இழுக்கிறது. பாடசாலைப் பையோ கம்பளியோ அதை மறைக்காதிருக்கட்டும். அங்கே படியும் தூசியையும் அவ்வப்போது அகற்றுங்கள்.

வழியில் நின்றுபோன ஹைபிரிட் காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. ஜம்பர் வயர் பொருத்துவதாயின் சிவப்பை இரு கார்களின் 12 வோல்ட் பற்றரிகளின் நேர்முனைகளில் இணைத்து, கறுப்பின் ஒரு நுனியை உதவும் காரின் எதிர்முனையிலும், மறுநுனியைக் கடைசியாக, நின்ற காரின் பற்றரியிலிருந்து விலகிய உலோகப் பகுதியிலும் இணையுங்கள். முனைகளை மாற்றிப் பொருத்தினால் காரின் மின்னணுப் பாகங்கள் கருகலாம். ஆரஞ்சு நிற உறையிட்ட வயர்கள் உயர் மின்னழுத்தத்துக்குரியவை. பயிற்சி பெற்றவர் தவிர வேறெவரும் அவற்றைத் தொடக் கூடாது.